அம்மாவின் நோட்டும் கருவியின் நினைவும்

இரத்த அழுத்தம் அளக்கும் கருவியை வாங்கி வீட்டில் வைத்த நாளிலிருந்து, அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், மேல் எண், கீழ் எண், நாடித்துடிப்பு என்று ஐந்து கட்டம் போட்டு எழுதி வருகிறார். முதல் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, பழைய சீட்டுகளோடு அந்த நோட்டும் மஞ்சள் பையில் கூடப் போகும். போன ஆண்டு ஆடி மாதம் நானும் உடன் போயிருந்தேன். மருத்துவமனையில் அளந்தபோது 162/94 இருந்தது. மருத்துவர் நோட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் 130/80, 128/82, 132/80 என்றே இருந்தது. வீட்டில் சரியாகத்தான் இருக்கிறது, இங்கே வந்ததும் பதற்றத்தில் ஏறுகிறது என்று சொல்லி, அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். மருத்துவமனையில் மட்டும் அழுத்தம் கூடுவது உண்மையாகவே பலருக்கு நடப்பது. மருத்துவரின் வெள்ளை அங்கியை வைத்தே அதற்கு மருத்துவ நூல்களில் பெயரும் இட்டிருக்கிறார்கள். ஆகவே அவர் செய்ததில் தவறு காண முடியாது. கையில் கிடைத்த தரவுக்கு அது பொருத்தமான முடிவு.

வீட்டுக்கு வந்தபின், ஏதோ ஒரு யோசனையில் கருவியின் நினைவகப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். 156, 151, 147, 139 என்று எண்கள் வந்தன. ஒவ்வொரு நாள் காலையிலும் மூன்று நான்கு முறை அளந்திருக்கிறார். அவற்றுள் மிகக் குறைந்தது மட்டுமே நோட்டில் ஏறியிருந்தது. சில நாட்களில் அதுவும் இன்னும் கொஞ்சம் இறங்கி 130 ஆகியிருந்தது. கேட்டதற்கு அம்மா சிறிதும் தயங்கவில்லை. “முதல்ல எடுக்கறப்ப கூடத்தான் காட்டும்ப்பா. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு மறுபடி எடுத்தா இறங்கிரும். சரியா வர்றதத்தானே எழுதணும்?” என்றார். கண்ணாடி பார்க்கும்போது முகத்தைத் திருத்திக்கொண்டு பார்ப்பதைப் போல அவருக்கு அது.

நான் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். நான்கு முறை அளந்து, அதில் மிகச் சிறிய எண்ணை மட்டும் பதிவு செய்துகொண்டே போனால் சராசரி எந்தப் பக்கம் சாயும் என்பதை ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். அந்தக் கணக்கு என் வீட்டு அலமாரிமேல் அன்றாடம் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. மக்கள் தாமே அளந்து தாமே குறித்துக்கொள்ளும் உடல்நல எண்கள் மருத்துவரின் மேசையை அடைந்தபின் என்ன ஆகின்றன என்ற கேள்வி அன்றுதான் எழுந்தது. விடுமுறை நாட்களிலும் மாலை வேளைகளிலும் இது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் மருத்துவன் அல்லன். கட்டுரைகளின் எண்களை வாசிக்கத் தெரிந்தவன் என்ற அளவில் இதை எழுதுகிறேன்.

அம்மா செய்தது புதிதல்ல என்பதே நான் கண்ட முதல் செய்தி. 1984-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் ரோஜர் மேஸ்ஸியும் அவருடைய குழுவினரும் சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு, விரல் நுனியில் குத்தி வீட்டிலேயே அளக்கும் கருவிகளைக் கொடுத்தார்கள். அளவுகளைச் சேமித்து வைக்கும் சில்லு ஒன்று கருவிக்குள் இருப்பதை நோயாளிகளிடம் சொல்லவில்லை. பிறகு நோயாளிகளின் குறிப்பேடுகளைச் சில்லில் பதிந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அளக்காத அளவுகள் பல எழுதப்பட்டிருந்தன. அளந்தவற்றுள் சில விடுபட்டிருந்தன. எழுதியவற்றின் சராசரி பெரும்பாலோரிடம் உண்மையைவிடக் குறைவாக இருந்தது. சொல்லாமல் சில்லு வைத்தது முறையா என்று இன்று எந்த ஆய்வு நெறிமுறைக் குழுவும் கேட்கும். ஆனால் அதைச் சொல்லியிருந்தால் இந்த உண்மை வெளியே வந்திருக்காது.

அதே மேஸ்ஸிதான் மூன்று ஆண்டுகள் கழித்து, 1987-இல், சர்க்கரை அளவுகளை ஒரே பக்கத்தில் படமாகக் காட்டும் முறை ஒன்றை வெளியிட்டார் என்பதை இரண்டாவது கட்டுரையைப் படிக்கும்போதுதான் கவனித்தேன். பல நாட்களின் அளவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையிலான ஒரே நாளாகப் பாவித்து, நடுவே ஒரு கோடும் அதைச் சுற்றி அகலும் பட்டைகளும் வரைவது அந்த முறை. கட்டுரையின் தலைப்பிலேயே ‘சரிபார்க்கப்பட்ட’ அளவுகள் என்று சொல்லியிருந்தார். முதலில் எண்ணை நம்பும்படி ஆக்க வேண்டும், பிறகுதான் அதைப் படிக்கும்படி ஆக்க வேண்டும் என்ற வரிசை அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று கைப்புயத்தில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை அளக்கும் சென்சார் அணிந்தவர்கள் மருத்துவரிடம் காட்டும் அறிக்கை பெரும்பாலும் இந்தப் படம்தான்.

அந்தப் படம் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு ஒரு சிறு பெருக்கல் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் சென்சார் ஒரு நாளில் 288 எண்களைத் தருகிறது. பதினான்கு நாளில் 4,032. மறுபக்கத்தில், 2017-இல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் 67 நாடுகளின் நிலவரத்தைத் தொகுத்த ஒரு கட்டுரை வந்தது. முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தரும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், பங்களாதேஷில் 48 விநாடி என்று அது சொல்கிறது. நம் ஊர் மருத்துவமனைகளில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்களுக்கு, நாம் இந்த இரண்டில் எதற்கு அருகில் இருக்கிறோம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான்காயிரம் எண்களை 48 விநாடியில் யாராலும் பார்க்க முடியாது; ஒரு படத்தைப் பார்க்கலாம். இரவு எட்டு மணிக்குத் தோசை சாப்பிட்ட பிறகு எழும் மேடு நாள்தோறும் ஒரே இடத்தில் எழுகிறதா என்பதை அந்தப் படத்தில் கண் உடனே பிடித்துக்கொள்ளும். சர்க்கரை 70-க்கும் 180-க்கும் இடையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு விழுக்காடும் அதே பக்கத்தில் இருக்கும். பெரும்பாலான நோயாளிகளுக்கு அது 70 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும் என்று 2019-இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று இலக்கு வகுத்தது. சென்சாருக்கும் தனக்கென்று பிழைகள் உண்டு. அது அளப்பது இரத்தத்தை அன்று, தோலுக்கடியில் செல்களுக்கிடையே உள்ள நீர்மத்தை. ஆகவே இரத்தத்தில் நடப்பது சில நிமிடம் தாமதமாகவே அதில் தெரியும். சென்சார் ஒட்டிய கையை அழுத்திப் படுத்தால் இல்லாத தாழ்சர்க்கரையைக் காட்டி நள்ளிரவில் எழுப்பிவிடும். ஆனால் அது தனக்குச் சாதகமான எண்ணைத் தேர்ந்தெடுத்து எழுதாது.

நம்பகமும் சுருக்கமும் இருந்தால் போதுமா என்ற அடுத்த கேள்விக்கு, என் வீட்டுப் பிரச்சினையான இரத்த அழுத்தத்திலேயே விடை கிடைத்தது. வீட்டில் தாமே அளந்துகொள்வோரைப் பற்றிய 25 ஆய்வுகளில் இருந்து, ஏறக்குறைய 10,500 பேரின் தனித்தனித் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2017-இல் பிளாஸ் மெடிசின் இதழில் வெளிவந்தது. வெறுமனே கருவியைக் கொடுத்து அளந்துகொள்ளச் சொன்னவர்களுக்கு ஓராண்டு முடிவில் மேல் எண் வெறும் 1 மி.மீ. அளவே குறைந்திருந்தது, புள்ளியியல் பார்வையில் அது குறையவே இல்லை என்றுதான் பொருள். அளப்பதோடு மருந்தை முறையாகச் சரிசெய்வது, தொடர்ந்து வழிகாட்டுவது போன்ற நெருக்கமான ஆதரவும் சேர்ந்தவர்களுக்கு 6.1 மி.மீ. குறைந்திருந்தது. கருவி அதேதான், நோயும் அதேதான். எண்ணைப் பார்த்துவிட்டு ஏதாவது செய்ய வேண்டிய பொறுப்பு எதிர்முனையில் ஒருவருக்கு இருந்ததா இல்லையா என்பதில்தான் வேறுபாடு.

இதை நேரடியாகச் சோதித்த ஓர் ஆய்வும் உண்டு. பிரிட்டனில் 142 பொது மருத்துவ நிலையங்களில், அழுத்தம் கட்டுக்குள் வராத 1,182 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு, வழக்கம்போல மருத்துவ நிலையத்தில் எடுக்கும் அளவைக் கொண்டு மருந்து. இரண்டாம் பிரிவினர் மாதத்தின் முதல் வாரத்தில் காலையும் மாலையும் வீட்டில் அளந்து தாளில் எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள். மூன்றாம் பிரிவினர் அதையே குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள். பின்னிரண்டு பிரிவிலும், வீட்டில் எடுத்த எண்ணைக் கொண்டே மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று மருத்துவர் முடிவெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஓராண்டு கழித்து மேல் எண்ணின் சராசரி முதல் பிரிவில் 140.4, தாள் பிரிவில் 137.0, குறுஞ்செய்திப் பிரிவில் 136.0. 2018-இல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. குறுஞ்செய்திக்காரர்கள் ஆறாம் மாதத்திலேயே முன்னேறியிருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஓராண்டுக் கணக்கில் தபாலில் போன காகிதம் அவர்களுக்கு ஏறக்குறைய ஈடுகொடுத்திருக்கிறது. தொழில்நுட்பக் கண்காட்சிகளில் இந்த ஆய்வை யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்லக் கேட்டதில்லை. நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கும் வீட்டிலிருந்து வந்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு மிகவும் பிடித்துப்போன ஆய்வு இதுதான்.

எண்ணை அவரவரே பார்த்துத் திருந்திக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையையும் ஆய்வு செய்திருக்கிறார்கள். உடல் எடையைக் குறைக்க முயன்ற 471 இளம் வயதினரை பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். உடல் அசைவை அளக்கும் கண்காணிப்புப் பட்டை அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோவும், அணியாமல் வழக்கமான முறையில் தாமே குறித்துவந்தவர்கள் 5.9 கிலோவும் குறைந்திருந்தார்கள். முடிவு 2016-இல் வந்தது; பட்டைகளின் விற்பனை அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

கைக்கடிகாரங்களின் கதை சற்று வேறு. அங்கே எண்ணைத் தேடி நோயாளி போவதில்லை. எண் நோயாளியைத் தேடி வருகிறது. ஆப்பிள் நிறுவனத்தின் நிதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய இதய ஆய்வில் எட்டு மாதத்தில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள். மணிக்கட்டில் பச்சை ஒளியைப் பாய்ச்சி, இரத்த ஓட்டத்துக்கேற்ப அது மாறுவதைக் கொண்டு நாடித்துடிப்பைக் கணிக்கும் கடிகாரம், துடிப்பு தாறுமாறாக இருந்தால் எச்சரிக்கும். பக்கவாதத்துக்குக் காரணமாகக்கூடிய ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறை இப்படி முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. 2,161 பேருக்கு, அதாவது 0.52 விழுக்காட்டினருக்கு, எச்சரிக்கை வந்தது. அவர்களுள் 658 பேருக்கு ஈ.சி.ஜி. பதியும் ஒட்டுப்பட்டை அனுப்பப்பட்டது. அதை அணிந்து திருப்பி அனுப்பியவர்களுள் பகுத்துப் பார்க்கத்தக்க பதிவு 450 பேருடையது. அவர்களில் 34 விழுக்காட்டினருக்குக் கோளாறு பதிவாகியிருந்தது. ஒட்டுப்பட்டை அணிந்திருந்த வேளையிலேயே கடிகாரமும் எச்சரித்தபோது, நூற்றுக்கு 84 முறை எச்சரிக்கை சரியாக இருந்தது.

செய்தித்தாள்கள் 84-ஐ எடுத்துக்கொண்டன. புள்ளியியல்காரனின் கண் 2,161-க்கும் 450-க்கும் இடையே உள்ள பள்ளத்தில்தான் விழும். இதயத்தில் ஏதோ சரியில்லை என்று கடிகாரம் சொல்லியும் பெரும்பாலோர் அடுத்த படியைக் கடந்து முடிக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கோளாறு வயதானவர்களுக்கே அதிகம் வருவது. ஆய்வில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் 40 வயதுக்குக் கீழானவர்கள், 65 வயதைத் தாண்டியவர்கள் ஏறக்குறைய 6 விழுக்காடு. கடிகாரம் வாங்குகிறவர்களின் கையில் கடிகாரம் இருந்தது. நோய் வரக்கூடியவர்களின் கையில் பெரும்பாலும் இல்லை. தாமே முன்வந்து தரும் தரவைக் கொண்டு நடத்தும் எந்த ஆய்வுக்கும் இந்தச் சாய்வு பின்தொடரும் நிழல்தான்.

யார் மீது சோதித்துச் செய்த கருவி என்பதும் இதோடு சேர்ந்தது. கொரோனா இரண்டாம் அலையில் நம் தெருவில் பாதி வீடுகளில், இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் இருந்தது. 94-க்குக் கீழே போகிறதா என்று இரவெல்லாம் விரலை நீட்டிக்கொண்டிருந்தோம். அந்த அலைக்குச் சில மாதங்கள் முன்பு, 2020 டிசம்பரில், மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு கடிதக் கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், தமனியில் இரத்தம் எடுத்துச் சோதித்தபோது உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையின நோயாளிகளில் 3.6 விழுக்காடு, கறுப்பின நோயாளிகளில் 11.7 விழுக்காடு. இரத்தம் ஒளியை வாங்கிக்கொள்ளும் விதத்தை வைத்தே இந்தக் கருவி வேலை செய்கிறது; தோலின் நிறமும் அந்த ஒளியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால், இது நம்மைப் போன்ற நிறத்தவருக்கும் உரிய கேள்வி. நாங்கள் விரலை நீட்டிக்கொண்டிருந்த இரவுகளில் இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. துல்லியமாகத் தோன்றும் இரண்டு இலக்க எண்ணைச் சந்தேகிக்கும் பழக்கமும் எங்களுக்கு இல்லை.

எண்கள் மருத்துவரைத் தவிர வேறு யாரிடமெல்லாம் போகின்றன என்பது தனிக் கட்டுரைக்குரியது. ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். 2021-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், ஃப்ளோ என்ற மாதவிடாய்க் கண்காணிப்புச் செயலி, பெண்களின் தகவலை வெளியே தருவதில்லை என்று வாக்களித்துவிட்டு ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களின் பகுப்பாய்வுச் சேவைகளுக்குத் தந்ததாகக் குற்றம் சாட்டி, அந்நிறுவனத்தை ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டு விதிகள் உடல்நலத் தகவலை உணர்வு மிக்க தகவல் என்று தனியே பிரித்துக் காட்டின. 2023-இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு தனிப் பிரிவே இல்லை. இரத்த அழுத்தமும் மின்னஞ்சல் முகவரியும் அதன் கண்ணுக்கு ஒரே வகைத் தரவுதான். இதை நான் முன்னேற்றமாகக் கருதவில்லை.

எண்ணுக்குப் பதில் சொல்லும் ஆள் வேண்டும் என்ற மேற்படிக் கணக்குக்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருப்பது பிறகுதான் உறைத்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளந்து, ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு மாத்திரையைக் கையில் தருகிறார்கள். அங்கே அளப்பவர் ஒருவர், அளந்ததற்கு அடுத்து என்ன என்று தெரிந்தவரும் அவரே. அந்த ஏற்பாட்டில் விளம்பரப்படுத்தத்தக்க கருவி எதுவும் இல்லை. கதவைத் தட்டும் ஒரு பெண் இருக்கிறார்.

இவ்வளவையும் படித்த பிறகு அம்மாவின் நோட்டுக்கு நான் செய்த மாற்றம் மிகச் சிறியது. தினமும் அளப்பதை நிறுத்தச் சொன்னேன். மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய ஏழு நாட்கள் மட்டும், காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவு உணவுக்கு முன்பும், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், கையை மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். வந்ததை வந்தபடி எழுத வேண்டும். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்ற 24-க்கும் சராசரி போட வேண்டும். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டால் அது உயர் அழுத்தம் என்பது வழிகாட்டு நெறிமுறைகளின் கணக்கு. பேசாமல் உட்காருவதுதான் அம்மாவுக்கு இதில் கடினமான பகுதி. நல்ல மதிப்பெண் வாங்குவதற்கு இது தேர்வு இல்லை என்று சொன்னதை அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை; ஆனால் கருவியின் நினைவகத்தை நான் பார்ப்பேன் என்று அவருக்குத் தெரியும். மேஸ்ஸி சொல்லாமல் செய்ததை நான் சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

ஐப்பசியில் மறுபடி போனோம். நோட்டின் அந்தப் பக்கத்தின் தலையில் ஒரே வரி: ஏழு நாள் சராசரி 147/89. மருத்துவர் அந்த வரியைப் பார்த்தார், கீழே எண்களின் மீது ஒருமுறை கண்ணை ஓட்டினார், மாத்திரையை மாற்றி எழுதினார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு பேனாவை மூடப் போனவர், நோட்டின் வலது ஓரத்தில் நின்றார். நான் போடச் சொல்லாத ஆறாவது கட்டம் ஒன்றை அம்மா தாமாகவே போட்டு வைத்திருந்தார். அதில் ‘கரண்ட் இல்லை’, ‘பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம்’, ‘தூக்கம் வரலை’, ‘தூக்கம் வரலை’, மறுபடியும் ‘தூக்கம் வரலை’ என்று இருந்தது. “ராத்திரி தூக்கம் எப்படிம்மா இருக்கு? குறட்டை உண்டா?” என்று கேட்டார். ஆறு ஆண்டுகளில் அந்தக் கேள்வி வருவது இதுவே முதல் முறை. அம்மா பதில் சொல்ல ஆரம்பித்தார். எவ்வளவு நேரம் பேசினார் என்று நான் எண்ணவில்லை. வெளியே டோக்கனோடு காத்திருந்தவர்கள் எண்ணியிருப்பார்கள்.